3.5 கோடு செத்துப்போச்சாம்: யார் சொன்னது?

செந்தூல்காரன்:
"3.5 கேஇவி எக்ஸ்ரே கோடு இருண்ட பொருளோட கையெழுத்து, 2014லயே முடிஞ்ச விஷயம்"னு நேத்து இங்க ஒருத்தர் அளந்துவிட்டிருக்கார். அதாவது, விண்மீன்மண்டலக் கொத்துகள்லேர்ந்து வர்ற எக்ஸ்ரேல 3.5 கேஇவி (கேஇவின்னா எக்ஸ்ரேயோட ஆற்றல் அளவு) கிட்ட கொஞ்சம் கூடுதலா ஒளி தெரியுது, அது கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருள் சிதையறதால வருதாம். அதே 2014லயே ஜெல்டமா, புரோஃபூமோன்னு ரெண்டு ஆய்வாளர்கள் அது சூடான வாயுவுல இருக்கிற பொட்டாசியம்னு சொல்லியாச்சு. 17 எலக்ட்ரான் இழந்த பொட்டாசியம் 3.47லயும் 3.51லயும் ஒளிரும். கோட்டைப் பார்த்த எக்ஸ்எம்எம்-நியூட்டன் எக்ஸ்ரே செயற்கைக்கோளோட கேமரா துல்லியம் சுமார் 0.1 கேஇவி, இவ்வளவு நெருக்கமான கோடுகளை எப்படிப் பிரிக்கும்? அப்புறம் 2020ல டெசர்ட்ங்கிற ஆய்வாளரோட குழு, கொத்து எதுவும் இல்லாத வெற்று வானத்தை 3 கோடி வினாடிக்குச் சேர்த்துப் பார்த்தது. கோடு இல்ல. கடையை மூடுங்க.

ஜெலுத்தோங்_வானம்:
அளந்தது நான்தான், பேரைச் சொல்லியே கேட்கலாம். டெசர்ட் எடுத்த ஆற்றல் வீச்சு 3.3லிருந்து 3.8 கேஇவி வரைக்கும்தான். 3.3 பக்கமும் 3.7 பக்கமும் ஏற்கனவே கோடுகள் இருக்கு. அதை மாடல்ல சேர்க்காம வழவழப்பா ஒரு வளைவைப் பொருத்தினா, ரெண்டு ஓரமும் வளைவைத் தூக்கிவிடும். நடுவுல இருக்கிற 3.5 மேடு அதுக்குள்ள முழுகிடும். வீச்சை அகலமாக்கி, அந்தக் கோடுகளையும் சேர்த்துப் பொருத்தணும். 2014ல இந்தக் கோட்டைக் கண்டவங்கள்ல ஒருத்தரான பொயார்ஸ்கியோட ஆளுங்க கேட்டதும் இதைத்தான். 3.3லிருந்து 3.8, ஏன்? பதில் சொல்லுங்க.

செந்தூல்காரன்:
2021ல ஃபாஸ்டர் குழு இன்னும் அகலமா பார்த்துச்சு, அப்பவும் இல்ல. ட்ராகோங்கிற குட்டி விண்மீன்மண்டலத்துல சூடான வாயுவே கிடையாது, பொட்டாசியம் சாக்கும் இல்ல, இருண்ட பொருள்னா அங்க கோடு தெரியணும். 14 லட்சம் வினாடி பார்த்தாங்க. என்ன கிடைச்சது?

ஜெலுத்தோங்_வானம்:
எக்ஸ்எம்எம்-நியூட்டனோட பிஎன் கேமராவுல மேடு இருந்துச்சே!

செந்தூல்காரன்:
வெறும் 2.3 சிக்மா, தற்செயலாவும் வரக்கூடிய அளவுதான்! அதே வானத்தைப் பார்த்த இன்னொரு கேமரா மாஸ்ல அதுவும் இல்ல. பினாங்குல இதுக்குப் பேரு மேடா?

ஜெலுத்தோங்_வானம்:
பினாங்கை ஏன் இழுக்கிறீங்க? ஹப்பிள் பத்தின பழைய திரியில வாங்கின அடி இன்னும் ஆறலையோ? நான் கேட்டது 3.3லிருந்து 3.8.

பிறை_பையன்:
அண்ணே, கொடிமலை உச்சியில தொலைநோக்கி வச்சு நாமளே பார்த்துட்டா?

ஜெலுத்தோங்_வானம்:
தம்பி, 3.5 கேஇவி எக்ஸ்ரேயைக் காற்றுமண்டலம் மேலேயே விழுங்கிடும். கொடிமலை இல்ல, கினாபாலு உச்சியிலயும் ஒண்ணும் வராது. செயற்கைக்கோள்தான் வேணும் லா.

செந்தூல்காரன்:
செயற்கைக்கோள்தானே? ஜப்பானோட ஹிட்டோமி செயற்கைக்கோள் 2016ல பெர்சியஸ் விண்மீன்மண்டலக் கொத்தைப் பார்த்துச்சு. துல்லியம் 5 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 0.005 கேஇவி. 2014ல சொன்ன அந்தப் பலமான கோடு அங்க இல்லவே இல்ல.

ஜெலுத்தோங்_வானம்:
கருவிக்கு முன்னாடி இருந்த பெரிலியம் மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி, கொஞ்ச நேரம் பார்த்தது அது. 2014ல 73 கொத்துகளோட தரவை ஒண்ணா அடுக்கினப்ப வந்த மெல்லிய கோட்டை அதால மறுக்க முடியல, ஹிட்டோமி குழுவோட கட்டுரையிலயே இருக்கு. முழுசா படிக்காம வந்து நிக்கிறதே கேஎல்காரங்க வழக்கம்.

செந்தூல்காரன்:
ஹிட்டோமிக்கு அடுத்த செயற்கைக்கோள் எக்ஸ்ரிஸம் 2023ல போயாச்சு. அதுலயும் மூடி திறக்கலைன்னு இப்பவே சாக்கு தயாரா?

ஜெலுத்தோங்_வானம்:
அந்த மூடி தடுக்கிறது 1.7 கேஇவிக்குக் கீழதான், 3.5 தாராளமா உள்ள வரும். இதுகூடத் தெரியாமலா கடையை மூடச் சொன்னீங்க? 3.3லிருந்து 3.8க்கு இன்னும் பதில் வரல.