விதையிலிருந்து சின்ன வெங்காயம்: மூன்றாவது முறைதான் பிழைத்தது

சின்ன வெங்காயம் என்றால் காயையே மண்ணில் ஊன்றிவிடுவதுதான் வழக்கம். எனக்கு மட்டும் ஏனோ அந்தக் கறுப்பு விதையைப் போட்டுப் பார்க்கும் ஆசை. மூன்று முறை போட்டேன். இரண்டு முறை மொத்தமும் போச்சு.

முதல் தடவை விதையிலேயே கோளாறு. பாதி மீந்த பழைய பாக்கெட், அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியில் கிடந்தது. மூன்று வாரம் தண்ணீர் தெளித்தும் வெறும் மண்தான். மிச்சத்தில் இருபது விதையை எண்ணி ஈரத்துணியில் மடித்து வைத்தேன். பத்து நாளில் முளைவிட்டவை மூன்று. வெங்காய விதைக்கு ஆயுள் குறைவு. ஓராண்டு தாண்டினாலே முளைப்பு சரியும், சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். இந்தத் துணிச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாம் முறை புது விதை. ஒரு சென்டிமீட்டர் ஆழம், அவ்வளவுதான். எட்டாம் நாள் எட்டிப் பார்த்தது. கொண்டை ஊசியைக் கவிழ்த்து நட்டது போல வளைந்து வருகிறது. வளைவு மேலே, விதை இன்னும் மண்ணுக்குள். இரண்டு நாளில் நிமிரும்போது நுனியில் கறுப்புத் தோலைத் தொப்பி மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். சிக்கிக்கொண்டதோ என்று ஒன்றை விரலால் நிமிர்த்தினேன், வேரோடு கையில் வந்துவிட்டது. உதவி செய்யப் போகாதீர்கள்! மற்றவற்றைக் கொன்றது என் பூவாளி. காலையிலும் மாலையிலும் ஊற்றினேன். ஒரு நாள் பார்த்தால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கருகிச் சுருங்கி, வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. நாற்றழுகல்.

மூன்றாம் முறை, மேல்மண் காய்ந்த பிறகே நாற்றுத் தட்டைப் பத்து நிமிடம் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டேன். ஏழெட்டு வாரத்தில் தீக்குச்சியைவிடச் சற்றுத் தடிமனானதும், பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். தாள் சாய்ந்ததும் பிடுங்கினேன். கொத்தாக இருக்கும் என்று பார்த்தால், பெரும்பாலும் ஒற்றைக் காய்! அங்கொன்றும் இங்கொன்றும் இரட்டை. இது என் தப்பா?

* * *

தப்பில்லை அக்கா. எனக்கும் முதல் வருடம் இதே ஏமாற்றம்தான். விதை நாற்று பெரும்பாலும் ஒன்று, இரண்டு காய்தான் தரும். ஊன்றும் காய்க்குள் ஏற்கனவே பல குருத்துகள் இருக்கும். அவை பிரிந்துதான் கொத்தாகிறது. குறுக்கே வெட்டிப் பாருங்கள், ஒரே தோலுக்குள் இரண்டு மூன்று நடுப்பகுதி தெரியும். உங்கள் ஒற்றைக் காயை அடுத்த பருவத்தில் ஊன்றினால் கொத்து வரும். ஆனால் பிடுங்கிய கையோடு ஊன்றாதீர்கள், சில வாரம் உறங்கிய பிறகுதான் முளைக்கும். நான் அவசரப்பட்டு ஊன்றி, பாதியை அழுகவிட்டேன்.

விதை வழியில் ஒரு லாபமும் உண்டு. காயிலேயே ஒட்டிக்கொண்டு வருடாவருடம் தொடரும் சில வைரஸ் நோய்கள் விதை வழியாக வராது. மஞ்சள் கோடு விழுந்து சுருண்ட தாள்களோடு நான் பட்ட பாட்டுக்கு அதுவே பெரிது.

* * *

நான் செய்த வேடிக்கையைக் கேளுங்கள். நாற்றைப் புல் என்று நினைத்து ஒரு வரிசையைப் பிடுங்கிப் போட்டேன். முகர்ந்து பார்த்த பிறகுதான் வெங்காய வாசனை! அதிலிருந்து சந்தேகம் வந்தால் நுனியைக் கிள்ளி முகர்வேன். களையையும் விடுவதில்லை. மேலாக ஓடும் சின்ன வேர், போட்டி போடத் தெரியாத பயிர் இது. நாற்று நீண்டு மடங்கி விழுந்தால் கத்தரிக்கோலால் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டிவிடுவேன், ஒன்றும் ஆவதில்லை. நடும்போது மட்டும் ஆழமாகப் புதைக்காதீர்கள். காய் பருக்கும்போது தோள் வெளியே தெரிந்தால் மண் அணைக்கத் தேவையில்லை.

* * *

அப்போ அதுதான் காரணமா! நான் தோள் தெரிந்ததும் பயந்துபோய் மண்ணைப் போட்டு மூடிக்கொண்டே இருந்தேன், கழுத்து தடித்த நாலைந்து காய் சரியாகக் காயவே இல்லை. மற்றவை நிழலில் இரண்டு வாரமாகக் கிடக்கின்றன, தோல் சலசலக்கிறது. நல்லதாகப் பன்னிரண்டை ஊன்றுவதற்கு எடுத்து வைத்தாயிற்று. மீதி விதை இந்த முறை அலமாரியில் இல்லை. மூடி இறுகிய டப்பாவில், ஃபிரிட்ஜில்.