தம்பியின் இழப்பீட்டுக்குச் சட்ட உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். இராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த என் தம்பி, பதினான்கு மாதங்களுக்கு முன் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியபோது விஷவாயு தாக்கி மயங்கி விழுந்தான். முடி நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடு கலந்த கழிவில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் அடித்ததாகவும், பிறகு எதுவுமே மணக்கவில்லை என்றும் சொல்கிறான். அந்த வாயு மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்யும். அன்று அவன் விரலில் இருந்த வெள்ளி மோதிரம் கறுத்துப்போயிருந்தது. அதை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்று மாடிப்படி ஏறினாலே அவனுக்கு மூச்சு வாங்குகிறது. ஆனால் மருத்துவமனைச் சீட்டில் ‘மூச்சுத்திணறல்’ என்று மட்டுமே உள்ளது, வாயுவின் பெயர் இல்லை. என்னை மிகவும் வருத்துவது இதுதான். ஒப்பந்தக்காரர் வெற்றுத்தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

விபத்தின்போது அமலில் இருந்த 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் கோர வேண்டும் என்றும், 12ஆம் பிரிவின்படி ஆலை உரிமையாளரும் பொறுப்பு என்றும் அறிகிறேன். இ.எஸ்.ஐ.யில் அவனைப் பதிவு செய்திருந்தால் இந்த வழி அடைபடுமா? காரணத்தைக் குறிப்பிட்டு மருத்துவச் சான்று பெறுவது எப்படி? மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இத்தகைய வழக்கு நடத்தியவர்களோ, வேலூர்ப் பகுதியில் தொழிலாளர் வழக்குகளை எடுக்கும் வழக்கறிஞர்களோ இருந்தால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். ஆவணங்களைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.