நல்லூர்த் திருவிழாவும் மூடிய பருத்தித்துறை வீதியும்: பஸ் எங்கே நிற்கும் என்று யார் சொல்வது?

நெல்லியடியான்:
தேருக்கு முதல் நாள், சப்பறத்தன்று காலை அப்பாவைக் கண் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு நெல்லியடியில் 7 மணிக்கு பஸ் ஏறினேன். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு மற்ற நாட்களில் ஒரு மணித்தியாலம் தாராளமாகக் காணும். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாளும் கோயிலடியில் வீதி மூடியிருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு பஸ் எந்தச் சந்தியால் திரும்பும், எங்கே இறக்கிவிடும் என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. கல்வியங்காடு தாண்டிய பிறகுதான் முன்னுக்கு நின்ற வாகன வரிசை கண்ணில் பட்டது. பஸ் ஓர் ஒழுங்கைக்குள் திரும்ப, எதிரே தண்ணீர் பவுசர். இரண்டுக்கும் விலக இடமில்லை. நாற்பது நிமிடம் அப்படியே நின்றோம். கடைசியில் கொண்டக்டர் தம்பி, "ஐயா, நடந்தால்தான் கெதியாய்ப் போவியள்" என்றார்.

அப்பாவுக்கு 74 வயது. ஒரு கண் மூடிக் கட்டியிருக்கிறது. கிளினிக் கொப்பியை சொப்பிங் பைக்குள் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி, மற்றக் கையால் என் தோளைப் பிடித்து நடந்தார். கோபுரம் தெரிந்ததும் நின்று செருப்பைக் கழற்றினார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது பத்தேகால். இலக்கம் கொடுத்து முடிந்துவிட்டது.

வீதியை மூடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோப்பாய்ச் சந்தியில் ஒரு பலகை இருந்திருந்தால் அங்கேயே இறங்கி உரும்பிராய்ப் பக்கத்தால் ஓட்டோ பிடித்திருப்பேன். மூடுகிறவர்களுக்கு அது ஒரு வேலையா?

சட்டநாதர்கோயிலடி:
தம்பி, அப்பா பட்ட பாட்டை வாசிக்க மனம் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் இது திடீரென்று வந்த மூடல் இல்லையே. ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேறும், 24ஆம் நாள் தேர், அடுத்த நாள் தீர்த்தம். கலண்டரிலேயே இருக்கிறது. அந்த வாரத்தில் ஒரு மணித்தியாலம் வெள்ளன வெளிக்கிடுவதுதான் புத்தி. விடியமுன் வந்து பாருங்கள்: ஈர வேட்டியோடு ஆண்கள் மணலில் உருண்டு வருவார்கள், பின்னால் பெண்கள் அடிக்கடி விழுந்து கும்பிட்டு அடி அழித்துக்கொண்டு வருவார்கள். என் மாமியார் முழங்கால் தேய்ந்தும் விடாமல் செய்தவ. அந்த மணலுக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தாலே போதும், என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

புளியடி:
உருளுகிறவர்கள் விடியப்புறம்தானே அக்கா? காலைப் பூசை முடிந்ததில் இருந்து பின்னேரம் வரை பஸ்ஸுக்கு மட்டுமாவது விடலாம். பருத்தித்துறையில் இருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல் வருகிறவர்களும் மனுசர்தான்.

சட்டநாதர்கோயிலடி:
வீதியில் பரப்பியது மணல் தம்பி. மத்தியானம் பஸ் ஓடி அதை இறுக்கினால், பின்னேரம் சுவாமி வெளிவீதி வரும்போது சனம் எதில் நடக்கும்? நாங்களும் 25 நாளும் அனுமதி அட்டை காட்டித்தான் சொந்த வீட்டுக்கு வாகனம் கொண்டு போகிறோம்.

கிளாலிக்கரை:
இதை வாசிக்க எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. யுத்தத்தில் தரைப்பாதை இல்லாமல் 1993இல் கிளாலிக் கடலை இருட்டில் வள்ளத்தில் கடந்தவன் நான். 2006 ஆகஸ்ட் 11 முகமாலையில் யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதையான ஏ9 மூடுப்பட்டபோது என் மனைவி கொழும்பில். கப்பலுக்குப் பதிந்து, திருகோணமலையில் காத்துக் கிடந்து, காங்கேசன்துறையில் வந்து இறங்க இரண்டு மாதம். நீங்கள் மூன்று மணித்தியாலத்தைக் கதைக்கிறீர்கள்.

நெல்லியடியான்:
அண்ணை, நீங்கள் பட்டதுக்கு முன்னால் நான் பட்டது ஒன்றுமில்லை. அதில் எனக்கு வாதம் கிடையாது. ஆனால் எங்களுக்கு ஒரு பழக்கம் படிந்தது அந்தக் காலத்தில்தான் என்று நினைக்கிறேன். பாதை மூடினால் ஏன், எதுவரை, மாற்றுவழி எது என்று கேட்கக் கூடாது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அன்று கேட்டால் ஆபத்து, கேட்கவில்லை. இன்று கேட்கலாம். கேட்காமல் நடந்தோமே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வல்லைவெளி ரைவர்:
நான் இந்த வழியில் வண்டி ஓட்டுகிறவன். சொல்லச் சுகம், ஓடுவது கஷ்டம். கோப்பாயில் திரும்பி உரும்பிராய் போய்ப் பலாலி வீதியால் வந்தால் நேரத்துக்கு வரலாம். ஆனால் இருபாலை, கல்வியங்காட்டுச் சனத்தை யார் ஏற்றுவது? அந்த ஆட்களுக்கும் சேர்த்துத்தான் வழித்தட அனுமதி. கல்வியங்காட்டில் ஆடியபாதம் வீதிக்குத் திருப்பினால், காலையில் திருநெல்வேலிச் சந்தையடியில் மரக்கறி வண்டில்களுக்குள் மாட்டுவோம். அதனால்தான் ஒவ்வொரு ரைவரும் முன்னுக்குப் போனவனிடம் போனில் கேட்டு, கண்ட ஒழுங்கைக்குள் விடுகிறான். எதிரே இன்னொருவன் அதே ஒழுங்கையால் வருவான். எங்களுக்கும் முதல் நாளே ஒரே வழியைச் சொல்லிவிட்டால் அந்த பவுசர் பிரச்சினை வராது.

கிளாலிக்கரை:
சரி, பழக்கம் என்று சொன்னீர்களே, அது உண்மை. முகமாலை மூடுப்பட்ட அன்றைக்கும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கோபத்தில் எழுதிவிட்டேன்.

சட்டநாதர்கோயிலடி:
பலகைக்கு நானும் சரி. கோப்பாயிலும் வேண்டும், கல்வியங்காட்டிலும் வேண்டும். பகலில் திறக்கிற கதைக்கு மட்டும் நான் வரமாட்டேன்.

புளியடி:
நான் இன்னும் பகலில் திறக்கலாம் என்ற பக்கம்தான். தம்பி, அப்பாவுக்குப் பிறகு கண் காட்டினீர்களா?

நெல்லியடியான்:
அடுத்த புதன் காட்டினோம். தீர்த்தம் முடிந்து மணலை அள்ளிக்கொண்டிருந்தார்கள். பஸ் நேராகப் போனது, கோயிலடியில் அப்பா இருந்த இடத்திலேயே கைகூப்பினார். முதலாவது ஆளாக இலக்கம் கிடைத்தது.