பாக்கி 0 என்றால் ‘பொய்’யா? மண்டிக் கணக்கில் வந்த வம்பு

காட்பாடிக்காரன்:

வேலூரில் எங்கள் மாமா காய்கறி மண்டி வைத்திருக்கிறார். இலவம்பாடிப் பக்கத்து முள் கத்தரிக்காய்தான் அதிகம் வரும். விவசாயிகளுக்கு முன்பணம் கொடுப்பார், காய் வர வரக் கழித்துக்கொள்வார். பேரேட்டில் இருந்த அந்தக் கணக்கை எக்ஸெலில் ஏற்றி, சிஎஸ்வியாக (வெறும் எழுத்தாக இருக்கும் அட்டவணைக் கோப்பு) சேமித்து, சீட்டு அடிக்கப் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். (மாறிகளுக்குப் பெயரெல்லாம் தமிழில்தான். பைத்தான் 3 முகம் சுளிப்பதில்லை.)

மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. போன வாரம் ஒரு பெரியவர் சீட்டை மாமா முன்னால் விரித்து, “இன்னாப்பா கணக்கு இது? பொங்கலுக்கே முழுசா கழிச்சாச்சு. திரும்ப 4,350 ரூபா எங்கேர்ந்து வந்துச்சு?” என்று கேட்டுவிட்டார். மண்டியே திரும்பிப் பார்த்தது. பேரேட்டில் அவர் பாக்கி 0. அந்த 4,350 போன வருடத்துப் பாக்கி.

இந்த வரியில்தான் கோளாறு:

பாக்கி = புது_பாக்கி ஆர் பழைய_பாக்கி

‘ஆர்’ என்றால் ‘அல்லது’. புதுப் பாக்கிக் கட்டம் காலியாக இருந்தால் பழையதை எடுக்கட்டும் என்றுதான் எழுதினேன். 0 காலி இல்லையே? சரி, அப்படியே இருந்தாலும், இதே வரி மூன்று மாதம் எப்படிச் சரியாக ஓடியது?

சத்துவாச்சாரி:

நடுவில் எங்கேயோ ‘இண்ட்’ போட்டு எண்ணாக மாற்றியிருப்பீர்கள். சிஎஸ்வியிலிருந்து படிக்கும்போது எல்லாமே எழுத்துச் சரம். ‘ஆர்’ போன்ற இடத்தில் பைத்தான் எந்த மதிப்பையும் மெய் (ஆம்), பொய் (இல்லை) இரண்டில் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். "0" என்ற சரத்தில் ஓர் எழுத்து இருப்பதால் அது மெய். காலிச் சரம் மட்டும் பொய். ஆகவே உங்கள் வரி அதுவரை தற்செயலாகச் சரியாக இருந்தது. எண்ணாக மாற்றியதும் 0 பொய்யாகிவிட்டது. ‘ஆர்’ இடது பக்கம் மெய்யானால் அதையே தரும், இல்லாவிட்டால் வலது பக்கத்தைத் தூக்கிக் கொடுத்துவிடும். புதுப் பாக்கி ‘நன்’ (மதிப்பே இல்லை என்பதற்குப் பைத்தானில் உள்ள குறி) என்றால் மட்டும் பழையதை எடுக்கும்படி இப்படி எழுதுங்கள்:

பாக்கி = பழைய_பாக்கி இஃப் புது_பாக்கி இஸ் நன் எல்ஸ் புது_பாக்கி

ஆம்பூர் ஜேஎஸ்:

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ‘ஆர்’ என்பதற்கான இரண்டு செங்குத்துக் கோடு போட்டு நானும் இதே அடி வாங்கியிருக்கிறேன். 2020-இல் இரட்டைக் கேள்விக்குறி வந்தபிறகுதான் நிம்மதி. மதிப்பில்லை என்று சொல்லும் நல், அன்டிஃபைன்ட் இரண்டுக்கு மட்டும்தான் அது வலது பக்கம் போகும். ரூபி மொழியில் இந்த வம்பே இல்லை. அங்கே 0-வும் மெய், காலிச் சரமும் மெய். நில் (மதிப்பில்லை), ஃபால்ஸ் (பொய் என்ற மதிப்பு) இரண்டு மட்டுமே பொய். அதுதான் நேர்மை.

பழைய சி ஆள்:

வேலூர்க்காரருக்கா இது புரியவில்லை? தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைக் கேலி செய்வார்களே! பாலாறு வறண்டு கிடந்தாலும் காட்பாடிக்குப் போகப் பாலம் வேண்டித்தானே இருக்கிறது? கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் 1981 வரை மூலவர் இல்லாமல்தான் நின்றது. பைத்தான் கருவறையை எட்டிப் பார்த்து, ‘உள்ளே ஒன்றுமில்லை, பொய்’ என்று எழுதிக்கொள்ளும். ரூபி மதிலைப் பார்த்ததுமே ‘கோயில் இருக்கிறது, மெய்’ என்னும். நன் என்பது கோயிலே கட்டாத வெறும் நிலம்.

ஆம்பூர்த் தம்பி, இதில் நேர்மை என்ன வந்தது? லிஸ்ட் காலியா என்று பார்க்கப் பைத்தான் வழி எவ்வளவு சுருக்கம்! பணம், எடை, மழை அளவு போல 0-வுக்கே அர்த்தம் உள்ள இடத்தில்தான் காலை வாரும். பைத்தானே ஒருமுறை சறுக்கியது. நள்ளிரவு 12 மணி என்ற நேர மதிப்பைப் பொய் என்று வைத்திருந்து, 3.5 பதிப்பில்தான் மாற்றினார்கள்.

காட்பாடிக்காரன்:

சத்துவாச்சாரி சார், அப்படியேதான். மொத்த பாக்கி எவ்வளவு என்று மாமா கேட்டதால், கூட்டுவதற்காகப் போன வாரம்தான் இண்ட் போட்டேன். காலிக் கட்டத்தில் அது மோதி நின்றது, அதற்கு நன் வைத்தேன். அந்தக் கையோடு ‘ஆர்’ வரியையும் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது மாற்றிவிட்டேன். பழைய சீட்டுகளைத் திருப்பிப் பார்த்ததில் இன்னும் 6 பேருக்கு இப்படி ஏறியிருக்கிறது. ஒருவர் ஒன்றும் கேட்காமல் 1,200 ரூபாயைக் கட்டியே விட்டார். திருப்பிக் கொடுக்க மாமா காலையிலேயே அணைக்கட்டுக்குக் கிளம்பிப் போயிருக்கிறார்.