கல்லடி மாமி வீட்டு வெள்ளை ஓர்க்கிட்

கல்லடி மாமி: நம் குடும்பக் குழுவில் உள்ள எல்லோருக்கும் காலை வணக்கம். படத்தில் இருப்பது நம் முற்றத்தில் நிற்கும் டென்ட்ரோபியம் சோனியா என்னும் ஓர்க்கிட் செடி. வழக்கமாகக் கத்தரிப்பூ நிறத்தில், நடுவே வெள்ளை படர்ந்து பூக்கும் இந்தச் செடியில் இம்முறை ஒரு தண்டில் மட்டும் பூக்கள் பால் வெள்ளையாக விரிந்திருக்கின்றன. உதட்டிதழின் ஓரத்தில் மாத்திரம் மெல்லிய ஊதா தெரிகிறது. அதே பூச்சாடியின் மற்றத் தண்டுகளில் பழைய நிறமே இருக்கிறது. பார்த்ததிலிருந்து மனம் நிறைந்து போயிருக்கிறது.

நான்: மிக அழகாக இருக்கிறது, மாமி. இப்போது வீசும் கச்சான் என்னும் வறண்ட காற்றின் வெப்பத்தால் நிறம் வெளிறியிருக்குமோ?

ஆரையம்பதி பெரியப்பா: வெப்பம் அதிகரித்தால் அந்தோசயனின் என்னும் ஊதா நிறமி குறைவது உண்மைதான், மகள். ஆனால் வெப்பம்தான் காரணம் என்றால் ஒரே சாடியில் நிற்கும் எல்லாத் தண்டுகளும் ஓரளவாவது வெளிறியிருக்க வேண்டும். ஒரு தண்டு மட்டும் மாறியிருப்பதால், அது முளையாக இருந்தபோதே அதன் கலங்களில் விகாரம், அதாவது பரம்பரைக் குணத்தில் ஒரு மாற்றம், நிகழ்ந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். சோனியா என்பது சீசர், டோமி டிரேக் ஆகிய இரண்டு டென்ட்ரோபியம் கலப்பினங்களைச் சேர்த்து உருவாக்கியது. செடியின் சிறு துண்டை ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுக்கும் இழைய வளர்ப்பில் பெருந்தொகையாகப் பெருக்கப்படும் இந்த இனத்தில் நிறமும் இதழ் வடிவமும் மாறிய செடிகள் முன்பும் தோன்றியிருக்கின்றன.

அக்கரைப்பற்றுச் சின்னம்மா: மச்சாள், மகிழ்ச்சியைக் குறைப்பதற்காகக் கேட்கவில்லை. வைரசு தாக்கினாலும் பூவின் நிறம் உடையும் அல்லவா? இலைகளில் மஞ்சள் கோடுகளோ கருகிய வளையங்களோ இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கல்லடி மாமி: இலைகள் சுத்தமாக இருக்கின்றன. வெண்மையும் திட்டுத் திட்டாக இல்லை. கொத்தில் உள்ள எல்லாப் பூக்களும் ஒரே மாதிரி இருக்கின்றன.

ஆரையம்பதி பெரியப்பா: அது நல்ல அறிகுறி. வைரசு என்றால் பெரும்பாலும் நிறம் ஒழுங்கின்றிக் கீறல் கீறலாகச் சிதறும். ஆனாலும் இலை சுத்தமாகத் தெரிவதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சில செடிகள் வெளியே எதுவும் காட்டாமலே வைரசைச் சுமக்கும். ஆகவே அந்தச் செடிக்குப் பயன்படுத்தும் கத்தியை நெருப்பில் வாட்டாமல் வேறு செடியில் வைக்காதே, தங்கச்சி.

நான்: விதை எடுத்துப் பெருக்க முடியாதா, பெரியப்பா?

ஆரையம்பதி பெரியப்பா: கலப்பினத்தின் விதையில் பிறக்கும் கன்றுகள் பெற்றோரின் குணங்களை வெவ்வேறு விதமாகப் பங்கிட்டுக்கொள்ளும், இந்த வெள்ளை திரும்பி வரும் என்று நம்ப முடியாது. ஓர்க்கிட் விதை தூசியைப் போல நுண்ணியது, உள்ளே உணவும் இல்லாததால் வீட்டில் முளைக்க வைப்பதும் கடினம். அந்தத் தண்டின் அடியிலிருந்து வரும் புது முளையும், கணுவில் முளைக்கும் குட்டிக்கன்றும்தான் வழி. பூ உதிர்ந்த பிறகு எது எதுவென்று அடையாளம் தெரியாமல் போய்விடும் என்பதால் இன்றைக்கே அந்தத் தண்டில் ஒரு நூலைக் கட்டிவிடு.

அக்கரைப்பற்றுச் சின்னம்மா: பெயர் வைக்கலாமா? அம்மம்மாவின் பெயரை வைத்தால் எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

ஆரையம்பதி பெரியப்பா: சோனியா என்பது அந்தக் கலப்பில் பிறந்த எல்லாச் செடிகளுக்கும் பொதுவான பெயர். தனித்த ஒரு செடிக்குரிய பெயரை அதன் பின்னால் ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுதுவது வழக்கம். ஆனால் புது முளை வளர்ந்து, அதுவும் வெள்ளையாகவே பூக்கட்டும். ஒருமுறை பூத்ததை வைத்துப் பெயர் சூட்டுவதை நான் விரும்பவில்லை.

கல்லடி மாமி: சரி, அண்ணா. சிவப்பு நூல் கட்டிவிட்டேன். தண்டை வெட்டவும் மாட்டேன், சாடியை மாற்றவும் மாட்டேன். மாரி மழை தொடங்குமுன் அதைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைத்து, முளை வந்ததும் இங்கே படம் போடுகிறேன். முதல் குட்டிக்கன்று அக்கரைப்பற்றுக்கே.