புதுப்பிப்பு: கொடைக்கானலில் கயிறில்லாமல் ஏறக் குட்டைப் பாறைகள் கிடைத்தன

அலுவலக வேலையாக மூன்று நாள் கொடைக்கானல் போகிறேன், மாலையில் ஏறிப் பழகப் பாறைகள் எங்கே இருக்கும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

டால்பின் நோஸ் என்ற பாறைமுனை காட்சிக்கு அருமை, ஏறுவதற்கு ஆகாது. விளிம்புக்குக் கீழே வெறும் பள்ளம், மேலே படமெடுக்கும் கூட்டம். பலித்தது, "வட்டக்கானல் டீக்கடையில் விசாரியுங்கள்" என்ற யோசனைதான். கடைக்கார அக்கா உறவினரின் கேரட் தோட்டத்தைக் காட்டிவிட்டார். கேட்டதும் அனுமதி கிடைத்தது. வரப்போரம் ஆளுயரத்துக்குச் சற்று மேலாக நான்கு பாறைகள். இந்த மலையில் பரவலாகக் கிடைக்கும் சார்னோகைட் என்ற கடினப் பாறை வகை. பிடி உறுதியானது, ஆனால் சொரசொரப்பில் இரண்டாம் நாளே விரல்நுனித் தோல் உரிந்துவிட்டது.

மாலை என்று நான் போட்ட கணக்குதான் தப்பு. மூன்று மணிக்கு மூடுபனி இறங்கியதும் பிடி வழுக்காமலிருக்கக் கையில் தடவிய மெக்னீசியம் கார்பனேட் பொடி களியாகிவிட்டது. "பத்து மணிக்கு மேல் வாருங்கள் தம்பி, பாசி காய்ந்திருக்கும்" என்றார் அக்கா. விடுப்பு எடுத்துப் போனேன், சரியாக இருந்தது. அன்று காட்டுமாடு ஒன்று விழுந்தால் அடிபடாமலிருக்கப் பாறையடியில் விரித்திருந்த என் மெத்தையை முகர்ந்துகொண்டே நின்றதில் அரை மணி நேரம் போனது தனிக்கதை.

சொந்த வண்டியில் வருபவர்கள் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். 2024 மே முதல் அது கட்டாயம். காப்புக்காட்டுப் பாறைகளுக்கு வனத்துறை அனுமதி வேண்டும், அந்தப் பக்கம் நான் போகவில்லை.