பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும் விண்டோஸ் 7ஐ எப்படி நீக்குவது?

அம்மாப்பேட்டை டிடிபி:
வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன், கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ் வேலைதான். போன மாதம் 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி விண்டோஸ் 10 போட்டேன். பழைய 500 ஜிபி டிஸ்க்கைக் கழற்றவில்லை, விண்டோஸ் 7ஓடு அது உள்ளேயே இருக்கிறது. இப்போது ஆன் செய்யும்போதெல்லாம் எந்த விண்டோஸ் வேண்டும் என்று கேட்டு 30 விநாடி நிற்கிறது. 2020 ஜனவரியிலேயே அப்டேட் நின்றுபோன விண்டோஸ் அது, நான் அதற்குள் போவதே இல்லை. அந்த விண்டோஸ் ஃபோல்டரை டெலீட் செய்யப் போனால் அனுமதி இல்லை, டிரஸ்டட் இன்ஸ்டாலரிடம் கேட்க வேண்டும் என்று வருகிறது. அதே டிஸ்க்கின் இன்னொரு பார்டிஷனில் (டிஸ்க்கைப் பிரித்த பகுதியில்) பத்து வருட வேலை இருக்கிறது, அதில் கை படக்கூடாது. ஆடி மாதம் என்பதால் பத்திரிகை வேலை குறைவு, ஆவணி முகூர்த்த ஆர்டர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். என்ன செய்யலாம்?

ஐந்து ரோடு சர்வீஸ்:
டெலீட் செய்வதை முதலில் நிறுத்துங்கள். எஸ்எஸ்டியில் விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்க்கின் கேபிள் மாட்டியே இருந்ததா? இருந்திருந்தால், இன்ஸ்டால் ஆகும்போது விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் ஃபைல்களைப் புது எஸ்எஸ்டியில் வைக்காமல், பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த 100 எம்பி பார்டிஷனிலேயே வைத்திருக்கும். அதை அழித்தால் விண்டோஸ் 10ம் எழாது. வாரத்துக்கு ஒருவராவது இப்படி அழித்துவிட்டு சிபியுவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, 'சிஸ்டம்' என்ற சொல் எந்தப் பார்டிஷனில் இருக்கிறது என்று பாருங்கள். 'பூட்' என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் இருக்கும் இடத்தைத்தான் அது காட்டும். பூட் ஃபைல் இருக்கும் இடம் 'சிஸ்டம்'.

அம்மாப்பேட்டை டிடிபி:
கேபிள் மாட்டித்தான் இருந்தது. பார்த்தேன் அண்ணா, நீங்கள் சொன்னது போலவே 'சிஸ்டம்' பழைய டிஸ்க்கின் 100 எம்பியில்தான் இருக்கிறது. எஸ்எஸ்டியில் சி டிரைவ் மட்டும்தான். இரண்டு டிஸ்க்குமே எம்பிஆர், அதாவது பழைய பார்டிஷன் முறை.

ஐந்து ரோடு சர்வீஸ்:
எம்பிஆர் என்றால் வேலை சுலபம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே எஸ்எஸ்டியின் சி டிரைவில் ரைட் கிளிக் செய்து 'மார்க் பார்டிஷன் ஆஸ் ஆக்டிவ்' கொடுங்கள். அப்புறம் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பிசிடிபூட் என்று சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி, சி கோலன் பேக்ஸ்லாஷ் விண்டோஸ், மறுபடி இடைவெளி, சாய்கோடு எஸ், இடைவெளி, சி கோலன். எல்லாம் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். பூட் ஃபைல்கள் உருவாகிவிட்டன என்று ஒரு வரி வரும்.

இனிதான் முக்கியம். ஷட்டவுன் செய்து, பவர் ஒயரைப் பிடுங்கி, பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். எஸ்எஸ்டி மட்டும் வைத்து விண்டோஸ் 10 எழுந்தால்தான் பழையதில் கை வைக்கலாம். எழவில்லையென்றால் பதற வேண்டாம், கேபிளைத் திரும்ப மாட்டினால் பயோஸில், அதாவது ஆன் செய்ததும் எந்த டிஸ்க்கை முதலில் பார்ப்பது என்று வைத்திருக்கும் செட்டிங்கில், பழைய டிஸ்க் முதலில் இருக்கும்வரை முன்போலவே எழும்.

செவ்வாப்பேட்டை அச்சகம்:
தம்பி, ஒரு நிமிடம். பூட் எல்லாம் அவர் சொல்வது சரி, ஆனால் நீங்கள் டிடிபி செய்பவர். பழைய விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா? பேஜ்மேக்கரில் அடித்த பழைய பத்திரிகை எல்லாம் யூனிகோட் இல்லை, அந்தந்த ஃபான்ட் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். ஃபான்ட் போய்விட்டால் மணமகன் பெயர் இருக்கும் இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியும்தான் நிற்கும். எனக்கு நடந்தது. எட்டு வருட ஃபைல் கையில் பத்திரமாக இருந்தது, படிக்கத்தான் முடியவில்லை. ஒரு வாடிக்கையாளர் அக்கா கல்யாணத்துக்கு அடித்த அதே மாதிரியில் தங்கைக்கும் வேண்டும் என்று வந்து நின்றபோதுதான் தெரிந்தது. அந்த ஃபான்ட்டைக் கொடுத்தவர் கடையே மூடிவிட்டார்.

அந்த ஃபோல்டரில் டிடிஎஃப் என்று முடியும் ஃபைல் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவுக்கு எடுங்கள். அடோபி டைப் மேனேஜர் பயன்படுத்தியிருந்தால் பழைய சி டிரைவிலேயே பிஎஸ்ஃபான்ட்ஸ் என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கும், அதையும் எடுங்கள். டெஸ்க்டாப்பில் போட்டு வைத்ததெல்லாம் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும், அது வேலை பார்டிஷனில் இருக்காது.

ஏற்காடு காபித் தோட்டம்:
எங்கள் தோட்டத்துக் கணக்கும் இப்படித்தான் போக இருந்தது. டாலி டேட்டா பழைய சி டிரைவிலேயே இருந்தது, தம்பி ஃபார்மட் கொடுக்கப்போகும் நேரத்தில் அப்பா கேட்டதால் தப்பியது. கடையில் டாலி ஓட்டினால் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, யுபிஎஸ் இல்லாமல் பார்டிஷன் வேலை வேண்டாம். இங்கே மலையில் இடி இடித்தாலே கரண்ட் போகும்.

ஐந்து ரோடு சர்வீஸ்:
செவ்வாப்பேட்டை அண்ணன் சொன்னதை நான் சொல்லாமல் விட்டது என் தவறு. எல்லாம் எடுத்த பிறகு ஃபோல்டர் ஃபோல்டராக டெலீட் செய்து அனுமதியோடு மல்லுக்கட்ட வேண்டாம், பழைய சி பார்டிஷனை மட்டும் ஃபார்மட் செய்யுங்கள். எழுத்தை நம்ப வேண்டாம், விண்டோஸ் 10ல் டிரைவ் எழுத்து மாறியிருக்கும். அளவைப் பார்த்துச் செய்யுங்கள். குயிக் ஃபார்மட் டிக்கை எடுத்துவிட்டால் நேரம் ஆகும், ஆனால் கெட்டுப்போன செக்டாரையும் சேர்த்துப் பார்த்துவிடும்.

அம்மாப்பேட்டை டிடிபி:
முடிந்தது. எஸ்எஸ்டி தனியாக எழுந்தது, 30 விநாடித் திரை வரவில்லை. ஃபான்ட் 412 இருந்தது, இரண்டு பென் டிரைவில் எடுத்து ஒன்றை வீட்டில் வைத்துவிட்டேன். அப்புறம்தான் ஃபார்மட் கொடுத்தேன். ஃபைலைத் திறந்தால் படமெல்லாம் காணவில்லை என்றது, வேலை பார்டிஷன் எஃப் ஆகியிருந்தது, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதைப் பழையபடி டி என்று மாற்றியதும் பிள்ளையார் படம் வந்துவிட்டது. 2014ல் அடித்த பத்திரிகை ஒன்றைத் திறந்து பார்த்தேன், பெயர், முகூர்த்த நேரம், மண்டபம் எல்லாம் தமிழில் அப்படியே இருக்கிறது. செவ்வாப்பேட்டை அண்ணா, உங்களிடம் தொலைந்த ஃபான்ட்டின் பெயர் சொல்லுங்கள், இந்த 412ல் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன்.